செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

ஒரு குழந்தைக்குத் தேவைப்படாத மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு, அந்த மருந்தால் வந்த கேட்டில் பங்கு உண்டா? நஞ்சு கலந்திருந்தது அவருக்குத் தெரியாது. கலந்தவன் ஒருவன், சோதிக்காமல் விட்டவன் இன்னொருவன், உரிமம் கொடுத்தது அரசாங்கம். சீட்டு எழுதிய கைக்கு இதில் என்ன பாவம்? 2025 அக்டோபருக்குப் பிறகு குழந்தை மருத்துவர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலே பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. எல்லோரும் சட்டத்தை வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு இது சமயம் சார்ந்த கேள்வி. நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில், நயினார் வீட்டில், பிறந்தவள். காஞ்சிபுரத்தில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். கொல்லாமை என்ற ஒன்றைச் சுற்றியே எங்கள் வீட்டில் சமையல், தண்ணீர், விளக்கு, பேச்சு எல்லாம் அமைந்திருந்தது. அந்த வீட்டில் வளர்ந்தவளால் இந்தக் கேள்வியை நீதிமன்றத்திடம் விட்டுவிட்டுத் தூங்க முடியாது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் பராசியா என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் சளி, காய்ச்சல், இருமல் என்று மருத்துவரிடம் போன குழந்தைகளுக்குச் சில நாளில் சிறுநீர் நின்றது. நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள், பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் குடித்தது கோல்ட்ரிஃப் என்ற சிரப்பு. அதைத் தயாரித்தது எங்கள் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் நிறுவனம். நான் சென்னைக்குப் போகும்போதெல்லாம் கடந்து போகும் ஊர் அது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். குழந்தைகள் குடித்ததில் ஏறக்குறைய பாதி, தொழிற்சாலைகளில் கரைப்பானாகவும் வண்டிகளின் பிரேக் எண்ணெயிலும் பயன்படும் திரவம்.

அது நிறமில்லாதது, பிசுபிசுப்பானது, இனிப்பானது. சிரப்புகளில் முறையாகச் சேர்க்கும் கிளிசரினையோ புரோப்பலீன் கிளைக்காலையோ பக்கத்தில் வைத்தால் கண்ணும் மூக்கும் நாக்கும் வேறுபாடு காட்டாது. உடலுக்குள் போனபின் கல்லீரல் அதை டைகிளைக்காலிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களைக் கொல்கிறது. முதலில் வாந்தி, வயிற்றுவலி. பிறகு சிறுநீர் குறையும், நின்றுபோகும். நரம்புகள் அதற்குப் பின். அந்தக் குழந்தைகளை வீட்டைவிட்டு மருத்துவரிடம் போகவைத்த நோயோ பெரும்பாலும் தானாகவே போகக்கூடிய சளி. என்னால் கடக்க முடியாத இடம் இதுதான். புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்தில் நஞ்சு இருந்திருந்தால் நான் கம்பெனியை மட்டும் கேட்டிருப்பேன்.

எழுதிய மருத்துவர் கைதானார். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. மருத்துவர் சங்கங்கள் எழுப்பிய எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது: அரசு உரிமம் பெற்ற மருந்தைத்தான் எழுதினார், புட்டியைத் திறந்து சோதிக்க எந்த மருத்துவரிடமும் கருவி இல்லை. உண்மைதான். என்னிடமும் இல்லை. ஆனால் அந்த எதிர்ப்பைப் படித்த அன்று எனக்கு நினைவு வந்தது சட்டப் புத்தகமில்லை, நீலகேசி.

ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான அதை இன்று படிப்பவர்கள் குறைவு. எங்கள் சமூகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பழைய உரையோடு பதிப்பித்தார். அப்பாவிடம் அந்தப் பதிப்பு பைண்டு கிழிந்த நிலையில் இருந்தது. கதை வியப்பானது. பழையனூரிலிருந்து புறப்பட்ட நீலி என்ற பேய், ஒரு சமண முனிவரை அச்சுறுத்தித் துரத்த வந்து, அவர் அசையாததைக் கண்டு மனம் மாறி, அவரிடமே அறம் கேட்டு அடியவளாகிறாள். உயிர்ப்பலி கேட்டுப் பழகியவள் கொல்லாமைக்கு வாதாடும் பெண்ணாக ஊர் ஊராகப் போகிறாள். வழியில் பௌத்தர்களோடு அவள் செய்யும் வாதங்களில் ஒன்று புலால் பற்றியது. பௌத்தர் தரப்பு இது: நான் கொல்லவில்லை, கொல்லச் சொல்லவும் இல்லை, எனக்காகக் கொன்றதும் இல்லை. வந்ததை உண்டேன். கொன்ற வினை கொன்றவனுக்கு. நீலகேசி இதை ஏற்க மறுக்கிறாள். வாங்குபவன் இருப்பதால்தான் விற்பவன் கொல்கிறான், வாங்கியவனை அந்தக் கொலையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பது அவள் கட்சி. உண்பவர் இல்லையென்றால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் சொன்னதும் இதையே. (வள்ளுவர் எந்தச் சமயம் என்ற வழக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் தலைமுறைகளாக நடந்தது. இந்த இடத்தில் அது எனக்குத் தேவையில்லை.)

இரண்டு வயதுக் குழந்தைக்கான இருமல் சிரப்பு ஒரு சரக்கு. சீட்டில் எழுதப்படுவதால் மெடிக்கலில் அடுக்கப்படுகிறது. அடுக்கப்படுவதால் காய்ச்சப்படுகிறது. சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள் குறைந்த விலைக்கு ஒன்றையொன்று முந்திக்கொண்டு காய்ச்சுகின்றன. ஸ்ரீசனில் ஆய்வு நடத்தியவர்கள் முன்னூறுக்கும் மேற்பட்ட விதிமீறல்களைப் பட்டியலிட்டார்கள். அப்படி ஒரு கூடம் இத்தனை ஆண்டு ஓடியதற்கு ஊட்டம் கொடுத்தது எது? யாரோ எங்கோ ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே இருந்ததுதான்.

ஆனால் பௌத்தர் தரப்பை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எண்ணமே வினை என்று அவர்கள் சொல்வதில் ஆழ்ந்த கருணை இருக்கிறது. எண்ணத்தைக் கணக்கில் எடுக்காமல் விளைவை மட்டும் பார்த்தால் எந்த மருத்துவரும் தொழில் செய்ய முடியாது. நான் போட்ட பெனிசிலினுக்கு ஒவ்வாமை வந்து ஒரு குழந்தை இறந்தால் நான் கொலைகாரியா? குறைமாதக் குழந்தையைக் காப்பாற்ற வைத்த ஆக்சிஜன் அதன் விழித்திரையைக் கெடுத்தால்? எங்கள் தொழிலே தெரிந்து சிறு தீங்கு செய்து பெருந்தீங்கைத் தடுப்பது. ஊசி குத்தாத குழந்தை மருத்துவர் உலகத்தில் இல்லை.

சமணமும் இதைக் காணாமல் இல்லை. இல்லறத்தாருக்கு ஹிம்சையை நான்காகப் பிரித்துச் சொல்வார்கள். வேண்டுமென்றே செய்வது, அடுப்படி முதலிய வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை முற்றிலும் விடவேண்டும். மற்ற மூன்றையும் இயன்ற அளவு குறைக்கவேண்டும். ஏர் ஓட்டும்போது மண்புழு சாகும் என்பதற்காக உழவை யாரும் கைவிடச் சொல்லவில்லை. வந்தவாசிச் சமணர்கள் காலங்காலமாக உழவர்கள்தான். தொழிலில் நேரும் தீங்கை ஒருவன் தாங்கிக்கொள்ள இரண்டு நிபந்தனைகள் உண்டு: அது தேவையாக இருக்கவேண்டும், அவன் விழிப்போடு இருக்கவேண்டும். கவனமின்மையிலிருந்து பிறக்கும் உயிர்ச்சேதத்தையே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. அங்கே வெறுப்பைப் பற்றிய பேச்சு இல்லை, அசட்டையைப் பற்றித்தான். பெனிசிலினும் ஆக்சிஜனும் இந்த இரண்டு நிபந்தனைகளிலும் தேறுகின்றன. சளிக்கு எழுதும் சிரப்பு முதல் நிபந்தனையிலேயே விழுகிறது.

விழுகிறது என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. கோல்ட்ரிஃப்பில் சொல்லப்பட்ட மருந்துகள் மூன்று: பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின். முதலாவது காய்ச்சலுக்கு. அதைத் தனியாகவே கொடுக்கலாம், எடைக்குத் தக்க அளவில். இரண்டாவது குழந்தையைத் தூங்கவைக்கும். தூங்கும் குழந்தையைப் பார்த்து மருந்து பிடித்துக்கொண்டது என்று வீட்டார் நினைப்பார்கள். சளி இருந்த இடத்தில்தான் இருக்கும். மூன்றாவதை வாய்வழியாகக் கொடுத்தால் மூக்கடைப்பு நீங்குவதில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. பெரியவர்களுக்கே அதுதான் நிலை. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகள் வேண்டாம் என்று அதே நிர்வாகம் 2008இல் அறிவுறுத்தியது. அந்த ஆண்டே அங்குள்ள கம்பெனிகள் நான்கு வயதுக்குக் கீழ் கூடாது என்று புட்டியில் அச்சிடத் தொடங்கின. நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவைக்கு அதே நான்கு வயது எச்சரிக்கையை அச்சிட உத்தரவிட்டது. சிந்துவாராவுக்குப் பிறகு 2025 அக்டோபர் 3ஆம் தேதி மத்தியச் சுகாதாரச் சேவைகள் இயக்ககம் மறுபடி சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழ் எழுதவேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. இவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. படித்தோம், தலையாட்டினோம், மறுநாள் காலையில் பேனாவைத் திறந்து பழையபடி எழுதினார்கள் நம் தொழிலில் பலர்.

ஏன் எழுதுகிறார்கள் என்பதை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். கமிஷனுக்காக எழுதுகிறவர்கள் இருக்கலாம். அவர்களோடு தத்துவம் பேச ஒன்றுமில்லை. நான் அறிந்த பலர் இரக்கத்தால் எழுதுகிறார்கள். என் கிளினிக்குக்கு வருபவர்கள் பட்டு நெசவாளர்கள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். மூன்று நாள் தூங்காத தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வருவாள்.

"ராத்திரி பூரா லொக்கு லொக்குன்னு இருமுறா டாக்டரம்மா. கண்ண மூடல. சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு போல."

நான் நெஞ்சைக் கேட்டுப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றும் இல்லை, மூக்குச் சளிதான், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும் என்பேன்.

"அப்போ மருந்து?"

"இருமலுக்கு மருந்து வேண்டாம்மா."

கூட வந்த மாமியார் இந்த இடத்தில்தான் வாய் திறப்பார். "மருந்தே எழுதலன்னா அப்புறம் எதுக்கு டாக்டர்கிட்ட வர்றது? காலைல இருந்து டோக்கன் போட்டு உக்காந்திருக்கோம். தறிய வுட்டுட்டு வந்திருக்கான் எம்புள்ள."

அந்தக் கோபத்துக்குள் இருப்பது கவலை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும்போது, உன் கவலை பொய் என்று சொன்னதுபோல் அவர்களுக்குக் கேட்கிறது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் என் நண்பர்கள் எழுதுகிறார்கள். குழந்தைக்கு இது ஒன்றும் செய்யாது, தாய்க்கு நிம்மதி, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார்கள். யாருக்கும் கேடில்லாத நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்திலேயே இருக்கிறதே என்று ஒரு மூத்த மருத்துவர் என்னிடம் வாதாடினார்.

அவர் வாதத்துக்கு அறிவியல் ஆதரவும் உண்டு, அதை மறைப்பது நேர்மையில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு வயதுக்குக் கீழே இருமலோடு வந்த குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கற்றாழை போன்ற அகாவே செடியின் பாகு, ஒரு பிரிவுக்கு நிறமும் சுவையும் சேர்த்த தண்ணீர், மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. மறுநாள் பெற்றோரைக் கேட்டார்கள். பாகும் வெறும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்ததாகவும், ஒன்றும் கொடுக்காததைவிட இரண்டும் மேல் என்றும் பதில் வந்தது. குழந்தைக்குக் கொடுத்தது தண்ணீர். பெற்றோர் கண்ணில் இருமல் குறைந்தது. அப்படியானால் கொடுக்கும் செயலுக்கே ஒரு பலன் இருக்கிறது.

இந்த ஆய்வை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மூத்தவர் இதைத் தன் கட்சிக்குச் சான்றாக வைத்தார். எனக்கு இது எதிர்ப்பக்கம் சாய்வதாகப் படுகிறது. வெறும் தண்ணீரே போதுமானது என்றால் அந்த வேலைக்கு எதற்குக் குளோர்பெனிரமின்? தாயின் மனத்துக்குச் செய்யவேண்டிய வைத்தியத்தை எதற்குக் குழந்தையின் சிறுநீரகம் வழியாகச் செய்யவேண்டும்? வள்ளுவர் அந்தப் பொய்க்கு வைத்த நிபந்தனை, துளியும் கேடு இருக்கக்கூடாது என்பது. மருந்துச் சீட்டில் அந்த உறுதியை எந்த மருத்துவராலும் கொடுக்க முடியாது. சீட்டை எழுதும் நொடியில், அவர் ஒருபோதும் பார்க்காத ஒரு கிடங்கில் எந்த டிரம்மிலிருந்து எதை ஊற்றினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மருந்து தேவையாக இருந்தால் அந்த அறியாமையோடு துணிந்து எழுதத்தான் வேண்டும், வேறு வழியில்லை. தேவையே இல்லாதபோது ஒரு குழந்தையை அந்த அறியாமைக்குள் தள்ளும் உரிமையை எனக்குக் கொடுத்தது யார்? நஞ்சு எனக்குத் தெரியாது என்பவரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். தேவையில்லை என்பது தெரியுமா? அது தெரிந்திருந்தால், எண்ணமே வினை என்ற பௌத்தர் அளவுகோலிலும் அவர் முழுதும் தப்பமாட்டார் என்றே நினைக்கிறேன். தெரிந்து செய்த ஒரு செயல் அங்கே இருக்கிறது.

எங்கள் வீட்டில் குடிநீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் எடுப்பார்கள். ஆயா குடத்தின் வாயில் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, மெதுவாக ஊற்றி, வடிகட்டி முடிந்ததும் அந்தத் துணியை அதே கிணற்று நீரிலேயே அலசிவிடுவாள். துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர், தான் வந்த இடத்துக்கே போகவேண்டும் என்பதற்காக. பொழுது சாய்ந்தபின் மருந்துகூட வாயில் வைக்கமாட்டாள். குழந்தைகளுக்கு விலக்கு உண்டு, எங்களுக்கு இரவிலும் பால் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிக் கவலைப்படுவதே அவளுடைய சமயம் என்று இப்போது தோன்றுகிறது. தெரியாது என்பது அவளுக்குக் கூடுதலாகக் கவனிப்பதற்கான காரணம். மருந்துத் தொழிலில் அதே சொல் தப்பித்துக்கொள்வதற்கான காரணமாகிவிட்டது.

இந்த நஞ்சின் வரலாறு முழுக்க அந்த அசட்டையின் வரலாறுதான். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற நல்ல மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும்படி இனிப்பான திரவமாக்க ஒரு கம்பெனி டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் விளைவாக 1938இல் அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை. 1998இல் குர்கான். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகர், அங்கே இறந்தவர்களும் இருமல் சிரப்பு குடித்த குழந்தைகள். 2022இல் இந்தியாவில் தயாரான சிரப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்டு காம்பியாவில் எழுபது குழந்தைகள் அளவுக்கு. அதே ஆண்டு உஸ்பெகிஸ்தான். காம்பியாவுக்குப் பிறகு நம் அரசு 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புகளை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்பவேண்டும் என்று விதித்தது. பராசியாவுக்குப் போனது ஏற்றுமதி இல்லையே. அந்தக் குழந்தைகளுக்கு அந்தத் துணி போடப்படவில்லை. இதை எழுதும்போது எனக்கு வரும் கோபத்தை அடக்க நான் முயலவில்லை.

கம்பெனியின் பாவத்தையும் அதிகாரியின் பாவத்தையும் மருத்துவர் தலையில் ஏற்றுவது என் நோக்கமில்லை. எங்கள் மரபில் வினை வந்து சேரும் வழிகள் மூன்று: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். மூன்றும் ஒரே எடை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாவதையும் ஒரு வழியாக எண்ணினார்களே, அதில்தான் எங்கள் முன்னோரின் கூர்மை இருக்கிறது. கலப்படம் செய்தவனுடையது முதல் வகை. தேவையற்றதை எழுதுவது எங்கே விழும் என்று எனக்குள் நான் வாதாடிப் பார்த்திருக்கிறேன். சங்கிலியின் ஒரு கண்ணியாக ஆனபிறகு மூன்றில் எதிலும் இல்லை என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

சரி, எழுதாமல் விட்டால் போதுமா? போதாது, இங்கேதான் என்னைப் போன்றவர்கள் எளிதில் வழுக்கிவிடுவோம். கை சுத்தமாக இருப்பதில் மகிழ்ந்துபோய், தாயைத் தனியே விட்டுவிடுவோம். கொல்லாமை என்பது கையைக் கட்டிக்கொள்வது மட்டுமென்றால் அது பாதி அறம். உயிர்மேல் இரக்கம் அதன் மறுபாதி. ஆகவே நான் எழுதாத சீட்டுக்கு ஈடாக நேரம் கொடுக்கிறேன். குழந்தையின் சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதைத் தாய்க்குக் காட்டி, என் மேசைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் அவளையே எண்ணவைக்கிறேன். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு ஐம்பது அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை நாற்பது அல்லது அதற்கு மேல் என்றால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சோர்ந்து விழுந்தால், ராத்திரி எந்த நேரமானாலும் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழ் இருக்கும் பிள்ளைக்கு அறுபதுதான் எல்லை, ஆனால் அந்த வயதில் எந்தச் சந்தேகம் வந்தாலும் எண்ணிக்கொண்டு உட்காராமல் காட்டிவிட வேண்டும். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கலாம், அதில் பயமில்லை, அது நெஞ்சைக் காக்கும் காவல். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலே தொண்டைக்கு இதம். எண்ணத் தெரிந்த தாயின் முகம் வேறாக இருக்கிறது. அவளுக்கு வேண்டியிருந்தது செய்வதற்கு ஒரு வேலை. அந்த மாமியார்கூட இரண்டாம் முறை வரும்போது, நேத்து முப்பத்திரண்டுதான் இருந்துது என்று தாமே கணக்குச் சொன்னார்.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கு இது உறுத்தலான கேள்வி. எங்கள் வீட்டில் ஊன், கள், தேன் மூன்றும் விலக்கு. தேனடையைப் பிழிவதில் எத்தனை உயிர் போகிறது என்று ஆயா கேட்பாள். இருமலுக்குச் சுக்கும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீர்தான் எங்களுக்கு. நான் இன்றுவரை தேன் தொட்டதில்லை. ஆனால் இரவு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் என்ற மருந்தைவிடத் தேன் தாழ்ந்துபோகவில்லை, பெற்றோர் கணிப்பில் கொஞ்சம் மேலாகவே இருந்தது என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே கேட்கும் தாயிடம், ஒரு வயது நிறைந்திருந்தால் படுக்கும்முன் அரை ஸ்பூன் கொடுங்கள், ஒரு வயதுக்குக் கீழ் நாக்கில் தடவக்கூடக் கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நோய்க்கான விதை அதில் இருக்கலாம் என்று சொல்கிறேன். என் விரதத்தை அவள் குழந்தையின் தொண்டைமேல் நான் சுமத்தக்கூடாது. விரதம் என் நாக்குக்கு, மருத்துவம் அவள் பிள்ளைக்கு. தேனீக்கு நேரும் தீங்கில் இந்தச் சொல்லால் எனக்கும் ஒரு பங்கு வருகிறதே என்று அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார். வருகிறது, அப்பா. சிரப்பின் பங்கோடு ஒப்பிட்டு, இதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறேன்.

பக்கத்து ஊரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு மருத்துவர், வயதில் இளையவர், நல்லவர், இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது உங்க நயினார் வீட்டுப் பழக்கம் மேடம். தண்ணியையே வடிகட்டுற ஆளுங்க நீங்க. எங்களுக்கு இது ஒத்து வராது. நான் எழுதலன்னா எதிர் கிளினிக்ல எழுதுவாங்க. குழந்தை எப்படியும் குடிக்கத்தான் போகுது."

கடைசி வாக்கியம் பழைய வாக்கியம். நான் வாங்காவிட்டாலும் ஆடு சாகத்தான் போகிறது என்பதும் அதுவே. இதை அவரிடம் சொன்னேன். எதிர் கிளினிக்கில் எழுதினால் அந்தக் குழந்தைக்குக் கேடு நீங்காது என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் எழுதாமல் விடுவதோடு நில்லாமல் அவரிடம் போய் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்தால் மூன்றாவது வழியில் எனக்கும் பங்கு வரும். சமயத்தை விட்டுத்தள்ளுங்கள், இயக்ககத்தின் சுற்றறிக்கை எந்த மதம் என்றும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன் மேசைமேல் இருந்த சீட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அன்றைக்கு எழுதியவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு எண்ணக் கற்றுக்கொடுக்க ஒரு குழந்தைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். நான்கைந்து நிமிடம் என்றேன். வெளியே நாற்பது பேர் இருக்கும்போது அது முடியாது, செவிலியரைப் பழக்கினால் முடியலாம் என்றார். செவிலியரை என் கிளினிக்குக்கு அனுப்பச் சொன்னேன். இரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதலில் நிறுத்திப் பார்க்கிறேன் என்றார். ஐந்து வயது வரை போகவேண்டும் என்று நான் சொல்ல, அவர் நான்கில் நிற்கலாம் என்கிறார். செவிலியர் வந்து கற்றுக்கொண்டு போயிருக்கிறார். நான்கு வயதுப் பிள்ளைகளைப் பற்றிய எங்கள் வாதம் இன்னும் நடக்கிறது.